குற்றச்சாட்டு என்றால் எந்தக் குற்றச்சாட்டு?

‘அமைச்சர் மீது குற்றச்சாட்டு’ என்று ஒரு தலைப்பு வருகிறது. என்ன நடந்திருக்கும்? எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மேடையில் எதையாவது சொல்லியிருக்கலாம். யாரோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கலாம். விசாரணை முடிந்து போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருக்கலாம். அதையும் தாண்டி, நீதிமன்றமே குற்றச்சாட்டைப் பதிவு செய்து விசாரணையை ஆரம்பித்திருக்கலாம். நான்குக்கும் அதே தமிழ்த் தலைப்பு பொருந்திவிடும். ஆங்கிலச் செய்தியில் பொருந்தாது. முதல் இரண்டுக்கும் அலெஜ் அல்லது அக்யூஸ் வரும். மூன்றாவதற்கு சார்ஜ்ஷீட், நான்காவதற்கு ‘சார்ஜஸ் ஃபிரேம்ட்’. சம்பவம் அமெரிக்காவில் நடந்தால் இடையில் இண்டைட் என்று ஒன்று நுழையும். ஆள் ஜனாதிபதியாக இருந்தால் இம்பீச்.

அகராதியைப் புரட்டினால் இத்தனைக்கும் ‘குற்றம் சாட்டு’ என்றே போட்டிருக்கும். அதனால்தான் பலர் இவற்றை ஒரே சொல்லின் காரம் கூடிய, குறைந்த வடிவங்களாக எடுத்துக்கொள்கிறார்கள். அக்யூஸ் என்றால் லேசானது, இண்டைட் என்றால் பயங்கரமானது என்கிற மாதிரி. காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்பவர் யார், எந்த அதிகாரத்தில் சொல்கிறார், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான் இந்தச் சொற்கள் காட்டுகின்றன. கொலை செய்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் அது அக்யூஸ்தான். சாதாரணப் போக்குவரத்து விதிமீறலுக்குப் போலீஸ் முறைப்படி வழக்குப் போட்டால் அது சார்ஜ்.

அலெஜ், அக்யூஸ் இரண்டையும் முதலில் பார்த்துவிடலாம். அதிகம் குழப்புவது இந்த ஜோடிதான். அலெஜ் என்பதற்குச் செயப்படுபொருளாக வருவது விஷயம், ஆள் அல்ல. ‘லஞ்சம் வாங்கினார் என்று அலெஜ் செய்தார்கள்’ என்றால் சரி. ‘அவரை அலெஜ் செய்தார்கள்’ என்றால் ஆங்கில வாக்கியமே நிற்காது. அக்யூஸ் நேர் எதிர். அதற்கு ஆள் வேண்டும், விரல் ஒருவர் பக்கம் நீண்டிருக்க வேண்டும். ‘இந்த டெண்டரில் முறைகேடு நடந்திருக்கிறது’ என்று யார் பெயரையும் இழுக்காமல் சொன்னால் அது அலெகேஷன். ‘நீதான் செய்தாய்’ என்றால் அக்யூசேஷன். முதலாவதில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற வாசனை எப்போதும் கூடவே இருக்கும்.

அந்த வாசனைக்காகவே நிருபர்கள் ‘அலெஜட்லி’ என்ற சொல்லைக் கண்ட இடத்தில் எல்லாம் தூவிவிடுகிறார்கள். தமிழில் அதன் வேலையைச் செய்வது ‘கூறப்படுகிறது’. ‘நகையைத் திருடிய வாலிபர் கைது செய்யப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கைதைப் போலீஸே அறிவித்துவிட்டது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகத்தில் இருப்பது அவர் திருடினாரா என்பது மட்டும். வாக்கியமோ கைதைச் சந்தேகத்தில் விட்டுவிட்டு, திருட்டை முடிந்துபோன விஷயமாகச் சொல்கிறது. ‘நகையைத் திருடியதாக வாலிபர் கைது’ என்று எழுதினால் போதும், இரண்டு சொல் மிச்சமும்கூட.

இன்னொன்று, ‘அலெஜட்லி’ போட்டுவிட்டால் அவதூறு வழக்கு வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வரும். இங்கிலாந்துச் சட்டத்தில் ‘ரெபடிஷன் ரூல்’ என்றே ஒரு விதி உண்டு. இன்னொருவர் சொன்ன அவதூறை ‘அவர் இப்படிச் சொன்னார்’ என்று திருப்பிச் சொன்னாலும், நீங்களே சொன்ன மாதிரிதான் கணக்கு. நீதிமன்ற நடவடிக்கையையும் நாடாளுமன்றப் பேச்சையும் நேர்மையாகச் செய்தியாக்குவது போன்ற சிலவற்றுக்குத்தான் தனிப் பாதுகாப்பு உண்டு.

பேச்சுத் தமிழில் இதற்கு ‘ஆம்’ இருக்கிறதே என்று தோன்றலாம். ‘திருடினானாம்’. அழகான விகுதிதான், ஆனால் அலெஜட்லி செய்யும் வேலையை இது செய்வதில்லை. சொன்னவர் யார் என்பதை அது மறைக்கிறது. வம்பும் கேலியும் அதில் ஒட்டிக்கொண்டே வரும். ‘பெரிய யோக்கியனாம்’ என்று சொல்லும்போது யாரும் அதைச் சட்டரீதியான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்து அக்யூஸ், கிரிட்டிசைஸ், பிளேம். அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் அரை நூற்றாண்டுக்கும் முன்பே இவற்றைப் பிரித்துக் காட்டினார். அக்யூஸ் செய்பவர், அந்தச் செயல் தப்பு என்பதைப் பேச்சுக்கு முன்பே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, அதைச் செய்தது இவர் என்று சொல்கிறார். கிரிட்டிசைஸ் செய்பவர், இவர்தான் செய்தார் என்பதை முன்பே எடுத்துக்கொண்டு, அது தப்பு என்று சொல்கிறார். ஒருவர் மொட்டைக் கடிதம் எழுதியதாகப் பேச்சு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்யூஸ் செய்தால் அவருடைய பதில் ‘நான் எழுதவே இல்லை’ என்பதாக இருக்கும். கிரிட்டிசைஸ் செய்தால் ‘ஆமாம் எழுதினேன், அதிலென்ன தப்பு?’ என்பார்.

இந்த வேறுபாடு தமிழில் வினைச்சொல்லில் இல்லை, விகுதியில் இருக்கிறது. கடிதம் எழுதியதாகக் குற்றம் சாட்டினார்கள். கடிதம் எழுதியதற்காகக் கண்டித்தார்கள். ‘ஆக’ என்றால் நடந்ததா என்பது இன்னும் கேள்வி. ‘அதற்காக’ என்றால் நடந்துவிட்டது. ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்க்கும்போது இதைத்தான் கோட்டைவிடுகிறோம். ‘ஊழல் செய்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டார்’ என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது எங்காவது கண்ணில் படுகிறது. எழுதியவர் தன்னையறியாமலே தீர்ப்பு கொடுத்துவிட்டார். ‘ஊழல் செய்ததாக’ என்று இரண்டு எழுத்தைக் குறைத்திருந்தால் அந்த ஆளுக்கு நீதிமன்றம் வரைக்கும் போக ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

பிளேம் இன்னொரு ரகம். அங்கே கெட்டது நடந்துவிட்டது என்பதில் விவாதம் இல்லை. யார் தலையில் போடுவது என்பதுதான் கேள்வி. அது குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை, மனிதராகவும் இருக்க வேண்டியதில்லை. விமானம் தாமதமானதற்கு மூடுபனியை பிளேம் செய்யலாம். மூடுபனியை அக்யூஸ் செய்தால் சிரிப்பார்கள். நம்முடைய ‘பழி போடுதல்’ இதற்குப் பக்கத்தில் வந்தாலும், அதில் அநியாயமாக என்ற குறிப்பு கலந்திருக்கிறது. பிளேமில் அது கட்டாயம் இல்லை. ‘காரணம் காட்டினார்’ என்று எழுதுவது பல இடங்களில் பொருந்தும்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அக்யூஸுக்குப் பின்னால் ஆஃப் வரும், சார்ஜுக்குப் பின்னால் வித், பிளேமுக்குப் பின்னால் ஃபார், இம்ப்ளிகேட்டுக்குப் பின்னால் இன். எல்லாவற்றுக்கும் ஃபார் போடுவது நம் பழக்கம். ‘சார்ஜ்டு ஃபார் மர்டர்’ என்று எழுதினால், கொலைக்குப் பில் போட்டுப் பணம் வசூலித்தார்கள் என்று படிப்பவர் ஒரு நொடி திகைப்பார்.

சரி, சார்ஜ். இங்கிருந்து அதிகாரம் ஆரம்பிக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒருவர் ‘சார்ஜ்டு’ என்றால், போலீஸோ அரசுத் தரப்பு வழக்கறிஞரோ இன்ன சட்டப்பிரிவின்படி இன்ன குற்றம் என்று முறைப்படி அறிவித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தியாவில் இந்த ஒரு சொல் மூன்று இடங்களில் தலைகாட்டுகிறது, குழப்பமும் அதனால்தான். முதலில் எஃப்ஐஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை. அது வந்த தகவலைப் பதிவு செய்வது மட்டும்தான். அதை வைத்தே ‘சார்ஜ்டு’ என்று இங்குள்ள ஆங்கில நாளிதழ்கள் சில சமயம் எழுதிவிடுகின்றன. அடுத்தது சார்ஜ்ஷீட். விசாரணையை முடித்த போலீஸ் நீதிமன்றத்தில் கொடுக்கும் அறிக்கை இது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193ஆவது பிரிவு. காவலில் இருப்பவர் மீது, குற்றத்தின் கடுமையைப் பொறுத்து, 60 அல்லது 90 நாட்களுக்குள் இது தாக்கலாகாவிட்டால் அவருக்கு ஜாமீன் பெறும் உரிமை வந்துவிடுகிறது. ‘கெடு முடியும் நேரத்தில் குற்றப்பத்திரிகை’ என்று செய்திகள் வருவதன் ரகசியம் இதுதான்.

மூன்றாவது, நீதிமன்றம் அந்த ஆவணங்களைப் படித்துவிட்டு, விசாரிக்கும் அளவுக்கு விஷயம் இருக்கிறது என்று முடிவு செய்து எழுதும் குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் ‘ஃபிரேமிங் ஆஃப் சார்ஜஸ்’. நம் நீதிமன்றத் தமிழில் ‘குற்றச்சாட்டு வனைதல்’. பானை வனைவதற்கான சொல் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். பத்திரிகைகள் ‘குற்றச்சாட்டு பதிவு’ என்று எழுதுகின்றன, அதுவும் தெளிவுதான். அன்று நீதிபதி குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்பார். அமெரிக்கச் செய்திகளில் வரும் ‘அரெய்ன்மெண்ட்’ ஏறத்தாழ இந்தக் காட்சிதான்.

ஃபிரேம் என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஹி வாஸ் ஃபிரேம்ட்’ என்றால் அவர் மீது வழக்கை ஜோடித்தார்கள், செய்யாத குற்றத்தில் மாட்டிவிட்டார்கள் என்று பொருள். இந்திய ஆங்கிலத்தில் ‘கோர்ட் ஃபிரேம்ஸ் சார்ஜஸ்’ என்பது தினசரிச் செய்தி. அந்த வழக்கம் தெரியாத ஓர் அமெரிக்கர் படித்தால், நீதிமன்றமே பொய்க் குற்றச்சாட்டு தயாரிக்கிறதா என்று ஒரு கணம் யோசிப்பார். சார்ஜஸ் ஃபிரேம் ஆகலாம், ஆள் ஃபிரேம் ஆனால் வேறு கதை.

இண்டைட் என்பதை எழுத்தைப் பார்த்து ‘இண்டிக்ட்’ என்று வாசிப்பவர்கள் உண்டு. அந்த சி ஒலிப்பதே இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் சி இல்லாமல்தான் எழுதினார்கள். லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று பண்டிதர்கள் பிற்காலத்தில் எழுத்தில் மட்டும் சொருகினார்கள், நாக்கு அதைக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பெரிய குற்றம் என்றால் கிராண்ட் ஜூரி என்ற பொதுமக்கள் குழு முன்னால் அரசுத் தரப்பு ஆதாரங்களை வைக்க வேண்டும். 16 முதல் 23 பேர் இருப்பார்கள், குறைந்தது 12 பேர் சம்மதிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உள்ளே இருக்க மாட்டார். சம்மதித்தால் வெளியே வருவது இண்டைட்மெண்ட். ஒரு தரப்பை மட்டும் கேட்டு வந்த முடிவு என்பதை மறக்காமல் இருந்தால், ‘இண்டைட் ஆகிவிட்டாரா, அப்போ செய்திருப்பார்’ என்ற அவசரம் வராது. கிராண்ட் ஜூரி முறையைப் பெற்றெடுத்த இங்கிலாந்தே 1933இல் அதை ஏறக்குறைய கைவிட்டது. இண்டைட்மெண்ட் என்ற ஆவணத்தின் பெயர் மட்டும் அங்கே இன்றும் இருக்கிறது.

இந்திய நாளிதழ்களில் இண்டைட் வந்தால் பெரும்பாலும் வழக்கே இருக்காது. ‘விசாரணை ஆணையம் அதிகாரிகளை இண்டைட் செய்தது’ என்றால், அறிக்கையில் கடுமையாகக் குறை சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அமைக்கப்படும் ஆணையத்தின் அறிக்கை யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை, அரசு அதை ஏற்கலாம், அலமாரியில் வைக்கலாம். இதைக் ‘குற்றம் சாட்டியது’ என்று பெயர்ப்பதைவிட ‘கண்டித்தது’ அல்லது ‘பொறுப்பாக்கியது’ என்று போடுவது நேர்மை.

இம்பீச்சுக்கு வருவோம். இம்பீச் என்றால் பதவியிலிருந்து தூக்குவது என்று நம்பாத ஆளைப் பார்ப்பது அரிது. அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை இம்பீச் செய்கிறது, அது குற்றச்சாட்டு மட்டும். விசாரித்துத் தீர்ப்பளிப்பது செனட், அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல் இம்பீச் செய்யப்பட்டார். செனட்டில் 35க்கு 19, ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் தப்பித்தார். பில் கிளிண்டன் 1998இல், டொனால்ட் டிரம்ப் 2019இலும் 2021இலும். மூன்று ஜனாதிபதிகள், நான்கு இம்பீச்மெண்ட், ஒருவர்கூட அதனால் பதவி இழக்கவில்லை. பதவியை இழந்த ரிச்சர்ட் நிக்சனோ இம்பீச் செய்யப்படவே இல்லை. சபை வாக்கெடுப்புக்கு முன்பே, 1974 ஆகஸ்டில் ராஜினாமா செய்துவிட்டார்.

சொல்லின் வேரே லத்தீனில் காலில் தளை மாட்டுவதிலிருந்து வந்தது. தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்பது என்ற பொருள் அப்படித்தான் வளர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் முன்னின்று இம்பீச் செய்ய வைத்தார். பிரபுக்கள் சபையில் 1788இல் தொடங்கிய விசாரணை 1795இல்தான் முடிந்தது. தீர்ப்பு, விடுதலை. ஹேஸ்டிங்ஸ் இம்பீச் ஆனவர், ஆனால் குற்றவாளி அல்ல. இரண்டும் ஒரே வாக்கியத்தில் உண்மை.

இந்திய அரசியலமைப்பில் இம்பீச்மெண்ட் என்ற சொல் குடியரசுத் தலைவருக்கு மட்டுமே வருகிறது, 61ஆவது பிரிவில். நீதிபதிகளுக்கு அது பயன்படுத்தும் சொல் ‘ரிமூவல்’. பேச்சு வழக்கில் இரண்டையும் இம்பீச்மெண்ட் என்கிறோம். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானத்துக்கு மக்களவையில் ஆதரவாக 196 பேர் வாக்களித்தார்கள், எதிர்த்து ஒருவரும் இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்ததால் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் தோற்றது. இங்கே ‘பதவி நீக்கத் தீர்மானம்’ என்ற தமிழ் பொருந்துகிறது, ஏனென்றால் தீர்மானம் இரு அவைகளிலும் நிறைவேறினால் முடிவு பதவி நீக்கம்தான். அதே தமிழை அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனதால்தான் 2019 டிசம்பரில் பலர் டிரம்ப் பதவி போய்விட்டது என்று நம்பினார்கள். இலங்கைத் தமிழ் இதற்குக் ‘குற்றப்பிரேரணை’ என்கிறது. அமெரிக்கச் செய்திக்கு அதையே கடன் வாங்கலாம் என்பேன்.

இனி, குற்றம் சாட்டப்பட்ட ஆளை என்னவென்று அழைப்பது. ‘குற்றவாளி கைது’ என்று எழுதும் பழக்கம் நம்மிடம் எப்படியோ ஊறிவிட்டது. குற்றவாளி என்பது கன்விக்ட் ஆனவருக்கு, அதாவது குற்றம் செய்தவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தவருக்கு உரிய சொல், கைதாகும் நாளில் அப்படி ஒருவர் கிடையாது. அதைவிடப் பெரிய கூத்து ‘ஏ1 குற்றவாளி’. ஏ என்பது அக்யூஸ்ட் என்பதன் முதல் எழுத்து, ஒன்று என்பது குற்றப்பத்திரிகையில் வரும் வரிசை எண். குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவர் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. நீதிமன்ற ஆவணங்கள் அவரை ‘முதல் எதிரி’ என்று நிதானமாகக் குறிப்பிடுகின்றன. தெருவில் அது ‘எதிரி’ என்ற பகைச் சொல்லாகக் காதில் விழும் என்பது உண்மைதான், ஆனால் குற்றவாளி என்பதைவிட அது நியாயமான சொல்.

அக்யூஸ்டுக்கும் முந்தைய படி ‘சஸ்பெக்ட்’, சந்தேகிக்கப்படுபவர். அதற்கும் முன்னால் ‘பர்சன் ஆஃப் இண்ட்ரெஸ்ட்’ என்று அமெரிக்கப் போலீஸ் ஒன்றை வைத்திருக்கிறது. சட்டத்தில் இதற்கு வரையறையே கிடையாது. சந்தேகிக்கிறோம் என்று சொல்லாமல் சந்தேகத்தைக் கிளப்பிவிட வசதியான தொடர். பெயர் ஒரு முறை டிவியில் வந்துவிட்டால் எந்தச் சொல்லில் வந்தது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் சமயத்தில் பூங்காவில் வெடிகுண்டுப் பையை முதலில் கவனித்துக் கூட்டத்தை நகர்த்திய பாதுகாவலரையே சந்தேக வளையத்துக்குள் வைத்துச் செய்திகள் வந்தன. அவர் மீது எந்தக் கட்டத்திலும் சார்ஜ் கிடையாது. சுமார் மூன்று மாதம் கழித்து அவர் விசாரணை இலக்கு இல்லை என்று அரசுத் தரப்பு கடிதம் கொடுத்தது. உண்மையில் குண்டு வைத்தவர் 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இம்ப்ளிகேட், இன்கிரிமினேட் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவரின் வாக்குமூலம் இன்னொருவரையும் உள்ளே இழுத்தால் அது இம்ப்ளிகேட். செய்தது அவரே என்று சொல்லாமல், சம்பந்தம் உண்டு என்று காட்டுவது. இன்கிரிமினேட் என்றால் ஒருவரைக் குற்றத்தில் சிக்கவைப்பது. அதைச் செய்வது பெரும்பாலும் ஆள் அல்ல, ஆதாரம். ஒரு மெசேஜ், ஒரு ரசீது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற இந்திய அரசியலமைப்பின் 20(3) பிரிவும், அமெரிக்காவின் ஐந்தாவது திருத்தமும் பேசுவது இதைப் பற்றித்தான். இன்சினுவேட் என்பது ஜாடை பேசுவது. யார் பெயரும் சொல்லாமல் எல்லோருக்கும் புரியவைக்கும் அந்தக் கலையில் நமக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டியது ஒன்றுமில்லை.

உள்ளே போகும் சொற்களில் இவ்வளவு கவனம் இருந்தால் வெளியே வரும் சொற்களிலும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ‘விடுதலை’ என்று எழுதிவிடுகிறோம், ஜாமீனில் வருவதைக்கூட. அக்விட்டல் என்றால் முழு விசாரணை நடந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்ற தீர்ப்பு. எக்ஸானரேட் அதைவிட ஒரு படி மேலே, இவர் மீது களங்கமே இல்லை என்பது வெளிப்படுவது. ‘கிளீன் சிட்’ இந்தியாவுக்கே உரிய சொந்தச் சரக்கு. பெரும்பாலும் போலீஸோ சிபிஐயோ ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுப்பதை அப்படிச் சொல்கிறார்கள். அந்த அறிக்கையை நீதிமன்றம் ஏற்காமல் மேலும் விசாரிக்கச் சொல்லலாம் என்பது அந்தத் தலைப்பில் தெரியாது.

டிஸ்சார்ஜ்தான் மோசமாக வழுக்கும் சொல். இந்தியாவில் டிஸ்சார்ஜ் என்றால், குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, வழக்கை நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் ஒருவரை விடுவிப்பது. நீதிமன்ற விசாரணையே தொடங்கவில்லை. பிற்பாடு புதிய ஆதாரம் கிடைத்தால் திரும்பவும் இழுக்க வழி உண்டு. 2025 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் டிரம்புக்கு ‘அன்கண்டிஷனல் டிஸ்சார்ஜ்’ கொடுத்தது என்று செய்தி வந்தபோது, அவரை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். 2024 மே 30 அன்று ஜூரி 34 குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தது. அந்த டிஸ்சார்ஜ் அதற்குப் பிறகு வழங்கப்பட்ட தண்டனை உத்தரவு. சிறை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு எதுவும் கிடையாது, ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அந்த உத்தரவால் நீங்கவில்லை. அதை நீக்க அவர் மேல்முறையீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.